ஒன்பது துண்டுகளாகப் பிரியும் மூளை மாதிரி: வகுப்பறையில் பயன்படுத்திய பின் ஒரு மதிப்புரை

பள்ளி, கல்லூரிகளுக்கு ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் இப்போது எளிதாகக் கிடைக்கும் பொருள்களில் ஒன்று, உண்மை அளவிலான மனித மூளை மாதிரி. பி.வி.சி. பிளாஸ்டிக்கில் வார்த்து வண்ணம் தீட்டி, ஒன்பது துண்டுகளாகப் பிரித்து மீண்டும் பொருத்தும்படி செய்து, சிறியதொரு தாங்கியின்மேல் நிறுத்தியிருக்கும் இவ்வகை மாதிரி ஒன்றை எங்கள் பள்ளியின் விலங்கியல் ஆய்வகத்துக்காக மூவாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவான விலையில் வாங்கி, பதினொன்றாம் வகுப்பில் நரம்பு மண்டலப் பாடம் நடத்தும்போது பயன்படுத்திவருகிறேன். பெட்டியில் தயாரிப்பாளரின் பெயர் எதுவும் இல்லை. ஒரே அச்சில் வார்த்தவை போன்ற மாதிரிகள் பல விற்பனையாளர்களின் பெயரில் வருவதால், இங்கே சொல்லப்படுவனவற்றை இவ்வகைப் பொருளுக்குப் பொதுவானவையாகக் கொள்வதில் தவறில்லை. மனிதரின் உணர்ச்சியும் நடத்தையும் மூளையின் எந்தெந்த இடத்திலிருந்து எழுகின்றன என்பதை இம்மாதிரி காட்டும் என்று விற்பனைக் குறிப்பு உறுதி கூறுகிறது. மூளையின் உருவத்தைக் காட்டும் வேலையை இது நன்றாகவே செய்கிறது. விற்பனைக் குறிப்பு கூறும் அந்த இன்னொரு வேலையில்தான் ஆசிரியர் விழிப்பாக இருக்க வேண்டியுள்ளது.

வலப்பக்கத்துக்கு நான்கு, இடப்பக்கத்துக்கு நான்கு எனத் துண்டுகள் அமைந்துள்ளன. நெற்றி மடலும் உச்சி மடலும் சேர்ந்தது ஒன்று. பொட்டு மடலும் பிடரி மடலும் சேர்ந்தது ஒன்று. மூளைத்தண்டின் பாதியும் சிறுமூளையின் பாதியும் மற்ற இரண்டு. அடியில் பொருந்தும் தமனித் தொகுதி ஒன்பதாவது துண்டு. மேடு பள்ளங்கள் ஓவியரின் மனம்போனபடி வரையப்படாமல் உண்மையான மூளையைப் பார்த்து வார்க்கப்பட்டிருக்கின்றன; நெற்றி மடலையும் உச்சி மடலையும் பிரிக்கும் நடுப்பள்ளத்தை விரலால் தடவிக் கண்டுபிடிக்க முடிகிறது. இரண்டு பாதிகளையும் விலக்கினால், அவற்றை இணைக்கும் கார்பஸ் கலோசத்தின் வளைவும், அதன்கீழே தலாமஸும் ஹைப்போதலாமஸும் வெட்டுமுகத்தில் தெளிவாகத் தெரிகின்றன. குறைகளும் உண்டு. பிட்யூட்டரி சுரப்பி மெல்லிய காம்பில் தொங்குவதால் மாணவர் கைபட்டு முதலில் ஒடிவது அதுதான். வண்ணம் விளிம்புகளில் உதிர்கிறது. எடையும் பொருந்தவில்லை: வளர்ந்தவரின் மூளை ஏறத்தாழ 1.3 முதல் 1.4 கிலோ வரை இருக்க, உள்ளீடற்ற இந்தப் பிளாஸ்டிக் அதில் பாதிகூட இல்லை.

உடன் வரும் விளக்கத்தாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இடப்பாதி கணக்குக்கு, வலப்பாதி கலைக்கு என்ற பழைய பிரிவினையும், அடியில் ஊர்வனவற்றின் மூளை, அதன்மேல் பாலூட்டிகளின் மூளை, எல்லாவற்றுக்கும் மேல் மனித மூளை என்ற மூவடுக்குக் கதையும் அதில் அப்படியே இருக்கின்றன. மூவடுக்குக் கருத்தை அமெரிக்க ஆய்வாளர் பால் மெக்லீன் முன்வைத்த காலத்தில் அதற்குச் செல்வாக்கு இருந்தது உண்மைதான். ஆனால் பல்லியின் மூளையிலும் நம் பெருமூளையின் வெளியடுக்கான புறணியோடு உறவுடைய பகுதி இருக்கிறது என்பதும், பரிணாமம் பழைய மூளைமேல் புதியதை ஏற்றி வைத்துக்கொண்டே போகவில்லை, இருந்ததையே மாற்றி வளர்த்தது என்பதும் இன்று தெளிவாகிவிட்டன. மாதிரியின் பகுதிகளில் இட்டிருக்கும் எண்களுக்குரிய பெயர்ப்பட்டியலை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மீதியை ஒதுக்கிவிட்டேன். வாங்குபவர்களும் அவ்வாறே செய்வது நல்லது.

இம்மாதிரி மிக நன்றாகப் பயன்படும் இடம் நெற்றி மடல். 1848 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கேவண்டிஷ் என்னும் ஊருக்கருகே இரயில் பாதைக்காகப் பாறைக்கு வெடி வைத்துக்கொண்டிருந்தபோது, மேற்பார்வையாளர் ஃபினியாஸ் கேஜின் இடக் கன்னத்தின் கீழே புகுந்து உச்சந்தலை வழியே வெளியேறியது ஓர் இரும்புத் தடி. அதன் நீளம் மூன்றரை அடிக்குமேல். எடை ஏறத்தாழ ஆறு கிலோ. அவர் பிழைத்தார், பேச்சோ நினைவோ போகவில்லை. ஆனால் பொறுப்பும் நிதானமும் உடையவராக அறியப்பட்டிருந்தவர், முன்கோபியாகவும் எடுத்த முடிவில் நில்லாதவராகவும் மாறிப்போனார் என்று அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் ஜான் ஹார்லோ 1868-இல் எழுதினார். அந்தத் தடி சென்ற பாதையை இடப்பக்க நெற்றித் துண்டின்மேல் ஒரு குச்சியை வைத்துக் காட்டும்போது, கை கால் அசைவைக் கட்டுப்படுத்தும் பட்டை ஏன் தப்பியது, பேச்சுக்குரிய இடம் ஏன் தப்பியது என்பதைச் சொல்லாமலே மாணவர்கள் கண்டுகொள்கிறார்கள். தாளில் வரைந்த படம் எதுவும் இதைச் செய்வதில்லை.

கேஜின் கதையை அத்தோடு நிறுத்திவிடுவது வழக்கம்; அது சரியன்று. பின்னாளில் அவர் தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார். பயணிகளையும் பல குதிரைகளையும் நாள்தோறும் நேரத்துக்குக் கொண்டுசேர்ப்பது திட்டமிடத் தெரியாதவரால் ஆகக்கூடிய வேலையன்று. எனவே இழந்தவற்றில் ஒரு பகுதியையேனும் அவர் மீட்டிருக்க வேண்டும். வலிப்பு நோய் கண்டு 1860-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் இறந்தார். அவருடைய மண்டையோடும் அந்தத் தடியும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாரன் உடற்கூறியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவ்வளவு இருந்தும், சிதைவு இரு பாதிகளிலும் பரவியிருந்தது என்று 1994-இல் வெளியான ஆய்வு ஒன்றும், இடப்பாதியோடு நின்றது என்று 2004-இல் வெளியான மற்றோர் ஆய்வும் கணினிவழி மீளமைத்துக் கூறின. மண்டையோடு கையிலிருக்கும் ஒருவர் விஷயத்திலேயே இப்படியென்றால், வண்ணம் தீட்டிய ஒரு பரப்பைச் சுட்டி இதுதான் பொறுப்புணர்ச்சியின் இருப்பிடம் என்று சொல்ல எவருக்கும் தயக்கம் வரவேண்டும்.

அமிக்டலா என்னும் சிறு பகுதிக்கு வந்தால் இம்மாதிரியின் போதாமை முழுவதும் வெளிப்படுகிறது. பொட்டு மடலின் உட்புறத்தில், நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸுக்கு முன்னால், விரல்நுனி அளவுக்கு அடர்சிவப்பில் தீட்டி எண் இட்டிருக்கிறார்கள். விளக்கத்தாளில் அந்த எண்ணுக்கு எதிரே அச்சம், சினம் என்ற இரண்டே சொற்கள். துண்டுகளைப் பிரித்ததும் மாணவர்கள் முதலில் தேடுவது அந்தச் சிவப்பைத்தான். அச்சத்தோடு அதற்குத் தொடர்பில்லை என்று சொல்வதற்கில்லை. 1930-களின் இறுதியில் சிகாகோவில் ஹைன்ரிக் க்ளூவர், பால் பியூசி ஆகிய இருவரும் குரங்குகளின் இரு பொட்டு மடல்களையும் அகற்றியபோது, அதுவரை பாம்பைக் கண்டால் அலறி ஒதுங்கிய குரங்குகள் அதைக் கையிலெடுத்து ஆராயத் தொடங்கின. மனிதர்களில், அரிதான பரம்பரை நோய் ஒன்றால் இருபக்க அமிக்டலாவும் அழிந்துபோன, ஆய்வுகளில் எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் குறிக்கப்படும் ஒரு பெண்மணியை அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தினர் நெடுங்காலம் ஆராய்ந்துள்ளனர். அச்சம் தோய்ந்த முகத்தைக் காட்டினால் அது என்ன உணர்ச்சி என்று அவரால் சொல்ல முடியவில்லை என்பதை 1994-இல் வெளியிட்டார்கள். பாம்புகள் விற்கும் கடைக்கு அழைத்துச் சென்றபோது ஆர்வத்தோடு பாம்பைக் கையில் வாங்கினார். பேய் வேடமிட்டு மிரட்டும் இடத்துக்குக் கூட்டிச் சென்றபோது பிறருக்கு முன்னால் நடந்தார். 2011-இல் இவை வெளியானபோது, அச்சத்தின் இருப்பிடம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்றே பலர் எழுதினார்கள்.

மற்ற ஆய்வுகள் அந்த முடிவை நிலைக்கவிடவில்லை. ஒன்று, 2005-இலேயே தெரிந்திருந்தது: எஸ்.எம். பிறர் முகத்தைப் பார்க்கும்போது கண்களைப் பார்ப்பதில்லை. கண்களைப் பாருங்கள் என்று சொன்னபோது அச்ச முகத்தை மற்றவர்களைப் போலவே அடையாளம் கண்டார். அப்படியானால், எங்கே பார்க்க வேண்டும், எது முக்கியம் என்று கவனத்தைத் திருப்பும் வேலையும் அமிக்டலாவுக்கு உண்டு என்றாகிறது. மற்றொன்று இன்னும் வியப்பானது. 35 விழுக்காடு கரியமில வாயு கலந்த காற்றை ஒரே ஒரு மூச்சு உள்ளிழுக்கச் செய்தபோது, எஸ்.எம்.மும், அதே நோயால் அமிக்டலா அழிந்த இரட்டைச் சகோதரியர் இருவரும், மூவருமே திணறித் தவித்துக் கடும் பீதிக்கு ஆளானார்கள். 2013-இல் வெளியான இந்த ஆய்வு காட்டுவது இது: வெளியிலிருந்து கண்ணும் காதும் கொண்டுவரும் ஆபத்துக்கு ஒரு வழி, இரத்தத்தில் அமிலத்தன்மை ஏறி மூச்சு முட்டும்போது உடலுக்குள்ளிருந்தே எழும் ஆபத்துக்கு வேறொரு வழி. பின்னது மூளைத்தண்டிலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் தொடங்குகிறது. அமிக்டலா இல்லாமலே அது பீதியாக முடிகிறது. விளக்கத்தாளின் இரண்டு சொற்களை மாணவர் மனப்பாடம் செய்துகொண்டால், அவர் கற்பது உண்மையின் பாதிகூட இராது.

பிளாஸ்டிக் துண்டுகளால் காட்டவே முடியாதது இணைப்பு. இதற்கு நான் வகுப்பில் எடுத்துச் சொல்வது, தமிழகத்தில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் கலிஃபோர்னியாவில் பணியாற்றிய வி.எஸ். ராமச்சந்திரன் ஆராய்ந்த ஒரு நோயாளியின் வரலாறு. சாலை விபத்தில் தலையில் அடிபட்டுத் தேறிய அந்த இளைஞர், தன் தாயையும் தந்தையையும் பார்த்து, இவர்கள் என் பெற்றோரைப் போலவே இருக்கும் வேறு யாரோ என்று உறுதியாகக் கூறினார். மற்றபடி அறிவில் குறைவில்லை. பைத்தியம் என்று ஒதுக்கிவிட முடியாதபடி எல்லாவற்றையும் தெளிவாகப் பேசினார். பிரெஞ்சு மருத்துவர் ஜோசப் கப்கிரா 1923-இல் விவரித்ததால் அவர் பெயரால் வழங்கும் இக்கோளாறில், முகத்தை அறியும் பகுதி பழுதின்றி வேலை செய்கிறது. உணர்ச்சிக்குரிய பகுதிகளும் வேலை செய்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி போகும் பாதைதான் அறுந்திருக்கிறது என்பது ராமச்சந்திரனும் அவருக்குமுன் சிலரும் தந்த விளக்கம். நெருங்கியவர் முகத்தைக் காணும்போது நமக்கு உள்ளங்கை நுண்ணளவில் வியர்த்துத் தோலின் மின்கடத்தும் திறன் சற்று உயரும். அந்த இளைஞருக்கு அவ்வாறு உயரவில்லை. அதே தாயும் தந்தையும் தொலைபேசியில் பேசியபோது அவருக்கு எந்த ஐயமும் எழவில்லை, ஏனெனில் குரலுக்குரிய பாதை தனி. எதிரே நிற்பவர் அம்மா என்று அறிவதற்கும் அம்மா என்று உணர்வதற்கும் நடுவே இப்படியோர் இழை ஓடுகிறது என்றால், அந்த இழையைக் காட்டாத மாதிரி உணர்ச்சியைக் காட்டுவதாகச் சொல்லிக்கொள்வதில் பொருளில்லை. வெட்டுமுகத்தில் இழைகள் ஓடும் இடம் முழுவதையும் ஒரே வெளிறிய நிறத்தில் பூசி விட்டுவிட்டார்கள். கார்பஸ் கலோசம் ஒன்றுதான் விலக்கு. அதிலும் ஏறத்தாழ இருபது கோடி இழைகள் செல்கின்றன என்பதை வாயால் சொன்னால்தான் உண்டு.

இருந்தும் இந்த ஒன்பது துண்டு வடிவத்தை நான் விரும்புவதற்குக் காரணம் இன்சுலா. பொட்டு மடல் துண்டைக் கழற்றினால், பக்கவாட்டுப் பள்ளத்தின் உள்ளே மறைந்து கிடக்கும் இந்தப் புறணிப் பகுதி வெளியே தெரிகிறது. விலை குறைந்த இரண்டு துண்டு, நான்கு துண்டு மாதிரிகளில் பொட்டு மடல் தனியே பிரியாதபோது இதைக் காண வழியில்லை. வேடிக்கை என்னவென்றால், தயாரித்தவர்கள் இதற்கு எண்ணும் கொடுக்கவில்லை, வண்ணமும் தீட்டவில்லை. இதயத்துடிப்பு, பசி, மூச்சு, வயிற்றின் கலக்கம், வலி என உடலின் உள்நிலை பற்றிய செய்திகள் வந்து சேரும் இடம் இது. அருவருப்போடும் ஏக்கத்தோடும் இதற்கு நெருங்கிய தொடர்பு உண்டு. மூளையில் பாதிப்பு நேர்ந்த புகைபிடிப்பவர்கள் 69 பேரை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இன்சுலா பாதிக்கப்பட்டிருந்த 19 பேரில் பலர், மீண்டும் புகைக்க வேண்டும் என்ற உந்துதலே எழாமல் எளிதாக அப்பழக்கத்தை விட்டிருந்தது தெரியவந்தது. எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்கில் போராடித் தோற்கும் ஒரு பழக்கம், இரத்தக்குழாய் அடைப்பொன்றில் இந்தச் சிறு பரப்பு சேதமடைந்ததும் நீங்கிவிடுகிறது. மன உறுதி என்று நாம் பேசுவதில் எவ்வளவு பங்கு உடலின் கேட்பு, எவ்வளவு பங்கு நம் தீர்மானம் என்ற கேள்வி இதைச் சொன்னதும் வகுப்பில் எழாமல் இருந்ததில்லை. அந்த இடத்துக்கு நானே அக்ரிலிக் வண்ணத்தில் மஞ்சள் பூசி எண் எழுதிவிட்டேன். பிளாஸ்டிக்கில் நன்றாகவே பிடித்திருக்கிறது.

ஹைப்போதலாமஸ் வெட்டுமுகத்தில் சரியான இடத்தில், சரியான அளவில் இருக்கிறது. 1928-இல் அமெரிக்க உடலியலாளர் ஃபிலிப் பார்ட், பூனைகளின் பெருமூளைப் புறணியை நீக்கிய பின்னும் மெல்லத் தொட்டாலே அவை முதுகை வளைத்துச் சீறியதையும், ஹைப்போதலாமஸின் பின்பகுதியையும் சேர்த்து நீக்கினால் அந்தச் சீற்றம் மறைந்ததையும் கண்டார். சூரிச்சில் வால்ட்டர் ஹெஸ், விழித்திருக்கும் பூனைகளின் மூளையாழத்தில் மெல்லிய மின்முனைகளைச் செருகி, ஹைப்போதலாமஸைத் தூண்டியபோது அவை தாக்கும் நிலைக்கு மாறுவதைப் பதிவுசெய்தார். அவருக்கு 1949-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு அதே பரிசின் மறுபாதி, மனநோயாளிகளின் நெற்றி மடல் இழைகளைத் துண்டிக்கும் அறுவையைத் தொடங்கிவைத்த போர்ச்சுகல் மருத்துவர் எகாஸ் மோனிஸுக்குப் போயிற்று என்பதையும் மாணவர்களிடம் சொல்வேன். மூளையின் ஒரு பகுதியைச் சுட்டி இதுதான் காரணம் என்ற அவசர முடிவு எவ்வளவு பேரைச் சிதைக்கக்கூடும் என்பதற்கு அந்த அறுவையின் வரலாறே போதும்.

மூளைத்தண்டுத் துண்டு ஏமாற்றம் தருகிறது. நடுக்கோட்டில் வெட்டியிருப்பதால், நடுவிலிருந்து சற்று விலகி இருபுறமும் அமைந்த கருநிறப் பகுதியான சப்ஸ்டான்ஷியா நைக்ரா இதில் தெரிவதே இல்லை. நரம்புகளிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நியூரான்கள் நிறைந்த இப்பகுதி சிதைவதால்தான் பார்க்கின்சன் நோய் வருகிறது. அந்நோய்க்கு டோபமைன் போலச் செயல்படும் மருந்துகளை உண்பவர்களில் சிலர், அதுவரை சீட்டையே தொடாதவர்கள், சூதாட்டத்தில் இறங்கிவிடுவதும் மருத்துவர்கள் நன்கறிந்தது. பாரிஸ் மருத்துவர்கள் 1999-இல் வெளியிட்ட ஒரு நிகழ்வு இன்னும் திடுக்கிட வைப்பது. பார்க்கின்சன் நோயுள்ள 65 வயதுப் பெண்மணிக்கு நடுக்கத்தைக் குறைப்பதற்காக மூளையில் மின்முனை பொருத்தி ஒவ்வோரிடமாகச் சோதித்தபோது, இதே சப்ஸ்டான்ஷியா நைக்ராவின் ஓரிடத்தில் மின்னோட்டம் பாய்ந்ததும் சில நொடிகளில் அவர் முகம் வாடி, அழத் தொடங்கி, வாழ்வே வெறுத்துவிட்டதாகப் பேசினார். மனச்சோர்வு நோய் அவருக்கு முன்பு இருந்ததில்லை. மின்னோட்டத்தை நிறுத்திய ஒன்றரை நிமிடத்துக்குள் அந்தத் துயரம் விலகிப் பழையபடி ஆகிவிட்டார். இதற்கு எதிர்முனையில், வலிப்பு நோய்க்கான அறுவைக்குமுன் மூளையைச் சோதிக்கையில், பதினாறு வயதுப் பெண் ஒருத்திக்கு இட நெற்றி மடலின் மேல் உட்புறத்தைத் தூண்டியபோது சிரிப்பு வந்ததையும், ஏன் சிரித்தாய் என்று கேட்டபோதெல்லாம் அப்போது எதிரே இருந்த படத்தையோ மனிதர்களையோ காரணமாகக் காட்டியதையும் 1998-இல் ஓர் ஆய்வு பதிவுசெய்துள்ளது. சிரிப்புக்கான இடத்தை இம்மாதிரியில் தொட்டுக் காட்டலாம். துயரத்துக்கான இடத்தைக் காட்ட, கரும்பலகையில் நடுமூளையின் குறுக்குவெட்டை வரைந்தாக வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய குறை அடியில் இருக்கிறது. மூளையிலிருந்து புறப்படும் 12 இணை நரம்புகளும் மஞ்சள் நிறத்தில் சிறு குச்சிகளாக ஒட்டப்பட்டு, புறப்பட்ட இடத்திலேயே நின்றுவிடுகின்றன. பத்தாவதான வேகஸ் நரம்பு முகுளத்தின் பக்கத்தில் ஒரு நகக்கண் நீளம்தான் உள்ளது. உண்மையில் அது கழுத்து வழியாக இறங்கி இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று வயிறு வரை கிளைவிடுகிறது. அதிலுள்ள இழைகளில் பெரும்பாலானவை உடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுசெல்பவை. குடற்சுவரில் மட்டும் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நியூரான்கள் தமக்குள் தனியொரு வலையமைப்பாக இயங்குகின்றன. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1884-இலேயே, உடலில் எழும் மாற்றங்களை உணர்வதுதான் உணர்ச்சி என்று வாதிட்டார். உள்ளுறுப்புகளின் மாற்றம் மெதுவானது, வெவ்வேறு உணர்ச்சிகளுக்கும் ஒன்றுபோல இருப்பது, ஆகவே அது மட்டும் போதாது என்று உடலியலாளர் வால்ட்டர் கேனன் 1927-இல் மறுத்தார். அந்த வழக்கு இன்றும் முழுமையாகத் தீரவில்லை. ஆனால் இருவருமே உடலை விட்டுவிட்டுப் பேசவில்லை. இந்தப் பிளாஸ்டிக் மாதிரிதான் பேசுகிறது.

இந்த இடத்தில் மாதிரியை மேசையில் வைத்துவிட்டு வேறு வழியில் போவதே பயனுள்ளது என்று கண்டேன். மணிக்கட்டில் நாடியைத் தொட்டபடி மெதுவாக மூச்சை இழுத்து, இன்னும் மெதுவாக விடச் சொன்னால், இழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதையும் விடும்போது தணிவதையும் இளவயதினர் பலர் தாமே உணர முடிகிறது. வேகஸ் நரம்பு இதயத்தின்மேல் வைத்திருக்கும் பிடி தளர்ந்து இறுகுவதுதான் அது. தேர்வுக்குமுன் உள்ளங்கை வியர்ப்பதும் வாய் உலர்வதும் பரிவு நரம்பு மண்டலத்தின் வேலை, சாப்பிட்டபின் கண் சொருகும் ஓய்வு எதிர்ப்பரிவு மண்டலத்தின் பக்கம் என்று அப்போது சொன்னால் மனத்தில் நிற்கிறது. ஆட்டோ லோவி 1921-இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் செய்த தவளைப் பரிசோதனையையும் இங்கேதான் சொல்வேன். ஒரு தவளையின் இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பைத் தூண்டித் துடிப்பைக் குறைத்து, அந்த இதயத்தைச் சூழ்ந்திருந்த திரவத்தை மட்டும் எடுத்து இரண்டாவது இதயத்துக்கு விட்டபோது, எந்த நரம்பும் தூண்டப்படாத அந்த இதயமும் மெதுவானது. நரம்பு தன் செய்தியை வேதிப்பொருளாக விடுவிக்கிறது என்று அன்று தெரிந்தது. பின்னாளில் அதற்கு அசிட்டைல்கோலின் என்று பெயர் உறுதியானது. மனநிலையை மாற்றும் மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை விளங்கிக்கொள்ள இந்தச் செய்தியே வாசல். வண்ணம் தீட்டிய மாதிரியில் இதற்கு எந்த இடமும் இல்லை. அதை இதன் குற்றமாகச் சொல்வதும் நியாயமில்லைதான்.

மாற்றாக என்ன வாங்கலாம் என்று கேட்பவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லலாம். கறிக்கடையில் கிடைக்கும் முழு ஆட்டு மூளை, மூளை எவ்வளவு மிருதுவானது என்பதைத் தொட்ட கணத்திலேயே புரியவைக்கும். கட்டித் தயிரை விடச் சற்றே இறுகியிருக்கும் அந்தப் பொருளைக் கையில் வாங்கியவர், மண்டையோடும் அதனுள்ளிருக்கும் திரவமும் ஏன் தேவை என்று பிறகு கேட்பதில்லை. முகர்ச்சிக்குரிய பகுதி ஆட்டுக்கு எவ்வளவு பெரிது, நெற்றி மடல் எவ்வளவு சிறிது என்பதையும் பிளாஸ்டிக் மாதிரியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். வெட்டுவதற்குமுன் சிறிது நேரம் உறைபெட்டியில் வைத்தால் குலையாமல் துண்டாகும். பள்ளியில் ஃபார்மலினில் ஊறவைக்கும் பழைய வழக்கத்தைக் கைவிடுவது நல்லது, அதன் ஆவி புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடியது. பெங்களூருக்குச் செல்ல வாய்ப்புள்ளவர்கள் மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸின் மூளை அருங்காட்சியகத்தைத் தவறவிடக் கூடாது. பதப்படுத்திய உண்மையான மனித மூளையைக் கையில் ஏந்திப் பார்க்க அங்கே வழி இருக்கிறது. எந்தப் பிளாஸ்டிக்கும் அதற்கு ஈடாகாது.

அந்த வாய்ப்பு இல்லாத பள்ளிகளுக்கும், உடலியலைத் தாமே பயிலும் உளவியல், செவிலியர் கல்வி மாணவர்களுக்கும் இந்த ஒன்பது துண்டு மாதிரியை நான் பரிந்துரைப்பேன். வீட்டு அலமாரியில் அழகுக்கு வைக்க நினைப்பவர்கள் பாதி விலையில் கிடைக்கும் வண்ணமற்ற மாதிரியை வாங்கிக்கொள்ளலாம். பரிவும் எதிர்ப்பரிவும் அடங்கிய தன்னியக்க நரம்பு மண்டலத்தைக் காட்டும் சுவர்ப்படம் ஒன்றையும் சேர்த்து வாங்குவது அவசியம்; ஆய்வகப் பொருள் கடைகளில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் அதை மாதிரிக்குப் பின்னால் மாட்டிவைத்தால், மஞ்சள் குச்சிகள் எங்கே போகின்றன என்று விரலால் தொடர்ந்து காட்டலாம். வாங்குமுன் மூன்றைச் சரிபார்க்கவும்: பொட்டு மடல் தனியாகக் கழல வேண்டும், எண்கள் ஒட்டுத்தாளாக இல்லாமல் பிளாஸ்டிக்கிலேயே அச்சாகியிருக்க வேண்டும், துண்டுகளை இணைப்பவை காந்தமாக இருந்தால் நல்லது, உலோக ஊசிகளாக இருந்தால் உதிரி ஊசிகளை அப்போதே கேட்டு வாங்கிவிட வேண்டும். ஒடிந்த பிட்யூட்டரியை ஒட்ட உடனடிப் பசை போதும், ஆனால் காம்புக்குள் ஒரு குண்டூசித் துண்டைச் செருகிவிட்டு ஒட்டினால் அடுத்த கல்வியாண்டிலும் நிற்கும்.